மடியில் குழந்தை, தோளில் துண்டு

என் புருஷன் ஜெயித்த அன்று நான் அழுதேன். டி.வி.காரர்கள் அதைப் படம் பிடித்து, 'புதுமுக வேட்பாளரின் மனைவி ஆனந்தக் கண்ணீர்' என்று அடியில் ஓடவிட்டார்கள். ஆனந்தமாவது, மண்ணாங்கட்டியாவது! அவர் தோற்கடித்தது யாரை? மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்த பழைய எம்.எல்.ஏ.வை. அந்த மனிதருக்கு இருபது வருஷமாக வலதுகையாக இருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். ஒரு பக்கம் தாலி, இன்னொரு பக்கம் தாய்வீடு. யார் ஜெயித்தாலும் எனக்கு அழுகைதான் என்று அன்று காலையிலேயே தெரியும்.

வாக்கு எண்ணும் இடத்தில் அண்ணன் அந்தக் கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கழுத்து நிறைய மாலையோடு முன்வாசல் வழியாக வெளியே வந்தபோது, அண்ணன் பின்பக்கமாகப் போய்ச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாராம். நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் பண்ணினார். சரி, சூடு ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா எங்களுக்குச் சீக்கிரமே இல்லாமல் போய்விட்டார். அண்ணன்தான் என்னை வளர்த்தார், பார்மசி படிக்கவைத்தார், கடலூரில் கட்டிக்கொடுத்தார். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் குடிகாட்டுப் பக்கம் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தவர். கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படி வரைக்கும் போகிற ஆள் என்பதால் அவரைத் தெரியாத வீடு கிடையாது. இந்தத் தடவை அவர் கட்சி மேலிடம் பழைய ஆட்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் புதுமுகமாகத் தேடியது. "ஜனங்களுக்குத் தெரிஞ்ச முகம், கெட்ட பேரும் இல்ல" என்று இவரைப் பிடித்தார்கள். என் அண்ணன் யாருக்கு வேலை செய்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு கணக்குதான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் தொகுதி மட்டுமில்லை, எங்கே பார்த்தாலும் பழைய மரங்கள் சாய்ந்திருந்தன. சட்டசபையில் புது ஆட்களுக்கு வகுப்பே நடத்தினார்கள். எப்போது எழுந்திருப்பது, சபாநாயகருக்கு எப்படித் தலைவணங்குவது, மணி அடித்தால் எப்படிப் பேச்சை முடிப்பது, எல்லாம் பாடம். முதல் நாள் கேன்டீன் எங்கே என்று இவர் ஒருத்தரைக் கேட்டிருக்கிறார். அவரும் புதுசு. ரெண்டு பேருமாகச் சேர்ந்து இன்னொருத்தரைக் கேட்டால் அவரும் புதுசு. கடைசியில் காப்பி குடிக்காமலே சபைக்குள் போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஷேவ் பண்ணிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பிப்பார். "மாண்புமிகு கண்ணாடி அவர்களே, கீழே சோப்பு நுரை வழியுது" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் வீட்டுக்குள்தான்.

வெளியே அவரை ஆட்டிவைத்தது அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர். இவரைவிட வயதில் பெரியவர், அனுபவத்திலும் பெரியவர். மைக் பிடித்தால் "நமது பாசமிகு அண்ணன் அவர்கள்" என்பார். மைக்கை வைத்தால் "தம்பி, இதுல கையெழுத்துப் போடு" என்பார். இவரும் போடுவார். புது மாடு, பழைய வண்டிக்காரன். வேறென்ன சொல்ல?

அந்த மாதங்களில் எங்கள் வாசலில் தினமும் கூட்டம். நேற்றுவரை பழைய எம்.எல்.ஏ. வாசலில் நின்ற அதே முகங்கள். நான் கல்யாணமாவதற்கு முன்னால் அண்ணனோடு அங்கே போகும்போது பார்த்தவர்கள்தான். அப்போது "பாப்பா, நல்லாருக்கியா?" என்றவர்கள் இப்போது "வணக்கம்மா" என்றார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு. எம்.எல்.ஏ. கையால் கட்சிக் கரை போட்ட துண்டு ஒருத்தர் தோளில் விழுந்தால் அவர் கட்சி மாறிவிட்டார் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்லவேண்டாம், போட்டோ போதும். செயலாளர் கையில் துண்டுக்கட்டை வைத்துக்கொண்டு இவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஆள் எதிரே வந்ததும் ஒன்றை நீட்டுவார். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்குவார், உதறுவார், போர்த்துவார், கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்கே போர்த்திவிட்டார். அந்த மனுஷன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, "சார், நான் அந்தக் கட்சிதான் சார்" என்று பாவமாகச் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

என் மகளுக்குக் காது குத்துவது ரொம்ப நாளாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தேர்தலுக்கு முன்னால் நாள் பார்த்தபோது அண்ணன்தான், "இந்த அமளி முடியட்டும் பாப்பா" என்றார். இப்போது முடிந்துவிட்டது. ஆனால் யாரைக் கூப்பிடுவது? தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். "ஒன்னுவிட்ட அண்ணனுங்க இருக்காங்களே, அவுங்க மடியில வச்சிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். "உங்களுக்கு ஒன்னுவிட்ட பொண்டாட்டி இருந்தா பரவால்லையா?" என்று கேட்டேன். 

கொடி கட்டின காரில் போகவேண்டாம் என்று பஸ்ஸில் சிதம்பரம் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அண்ணி கதவைத் திறந்தார். "வாம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அண்ணன் பனியனோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சத்தம் இல்லை.

"எம்.எல்.ஏ. சம்சாரம் பஸ்ல வந்தியா?" என்றார்.

"உன் தங்கச்சி பஸ்ல வந்தேன்."

கொஞ்சம் சிரித்தார். தட்டை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் தட்டைத் தொடவில்லை. "எங்க எம்.எல்.ஏ. ஐயா வாசல்ல இப்ப யாரு நிக்கிறாங்க தெரியுமா? நானும் அவரு வளக்கிற நாயும்தான். மத்தவன்லாம் உன் வீட்டு வாசல்ல நிக்கிறான். இப்ப நானும் மாப்ள விசேஷத்துக்கு வந்தா, இவனும் தாவிட்டான்டான்னுவானுங்க. இருபது வருஷம் பாப்பா. எனக்குன்னு நான் சேத்தது அந்த ஒரு பேருதான்."

"அப்ப என் பொண்ணுக்குக் காது குத்த வேணாம். அவ வளந்து கேட்டா, உன் மாமனுக்குத் தோத்துப்போன எம்.எல்.ஏ.தான் ஒசத்தின்னு சொல்லிக்கிறேன்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

அண்ணி அடுப்படியிலிருந்து, "அவ மட்டும் என்னா பண்ணுவா, போய்ட்டு வாங்க" என்றார். அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"வர்றேன். ஆனா கடலூர்ல வேணாம், இங்க வச்சிக்க. கொடி கூடாது, பேனர் கூடாது. கட்சிக்காரன் எவனும் என் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கக் கூடாது. முக்கியமா, துண்டு. அது என் மேல படவே கூடாது."

"படாதுண்ணா. நான் இருக்கேன்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "மச்சான் மேல எனக்கு மரியாதை இல்லையா? நான் பாத்துக்கிறேன்" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் செயலாளர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாளோட வலதுகையே நம்மகிட்ட வந்தா மாவட்டத்துக்கே சேதி போவும் தம்பி. மேலிடத்துல உன் பேரு எங்கியோ போயிடும்" என்றார். "அண்ணே, இது எங்க வூட்டு விசேஷம். உங்க துண்டுக்கட்டையெல்லாம் வூட்லயே வச்சிட்டு வாங்க" என்று நான் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "தங்கச்சிக்குக் கோவத்தப் பாரு" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். காலையில் நான் முதல் ஆளாகப் போய் இறங்கினால், வாசலில் ஆளுயரத்துக்கு பேனர். ஒரு பக்கம் கட்சித் தலைவர், இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரர், நடுவில் என் அண்ணன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். 'தாய்மாமனே வருக' என்று கொட்டை எழுத்து. அந்தப் படத்தை எந்தக் கல்யாணத்திலிருந்து வெட்டி எடுத்தார்களோ! வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நானே ஒரு பக்கம் பிடித்து, அவிழ்த்துச் சுருட்டி சமையல்கட்டில் விறகுக்குப் பின்னால் போட்டேன். மேளக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். நல்லவேளை என்று மூச்சு விட்டேன். வாசலில் கட்டின கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், உள்ளே வந்தார்.

அப்போதிருந்து என் கண் செயலாளர் மேலேயே இருந்தது. அவர் கையை வீசிக்கொண்டுதான் வந்திருந்தார். கூட வந்த கட்சிக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமனுக்குச் செய்யும் மரியாதைக்கு என்று நானே கடலூரில் பார்த்துப் பார்த்து எடுத்த வெள்ளை வேட்டியும் கரையில்லாத துண்டும் மணைக்குப் பக்கத்தில் தட்டில் இருந்தன. காது குத்தி முடிந்ததும் குழந்தையின் அப்பா அதை மாமனுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், அதோடு பந்திக்குப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் மணையில் உட்கார்ந்து என் மகளை மடியில் வாங்கிக்கொண்டார். "மாமா, வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிச்சா மாமன் கைய கடிச்சிக்க" என்றார். பத்தர் அவள் காதுகளில் சந்தனப் பொட்டு வைத்து அளவு பார்த்தார். முதல் காதில் ஊசி இறங்கியதும் அவள் போட்ட கத்தலில் மேளமே அடங்கிப்போயிற்று. காலை உதைத்தாள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அண்ணன் ஒரு கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். இன்னொரு உள்ளங்கையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"ஆடாம புடிங்க. யாரும் கிட்ட வராதீங்க. ஊசி இழுத்துக்கிச்சின்னா காது கிழிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே பத்தர் அடுத்த காதில் ஊசியை வைத்தார்.

நான் அந்த ஊசியைப் பார்த்தேன். எந்தத் தாய்தான் பார்க்கமாட்டாள்? அந்த ஒரு நிமிஷம் செயலாளரை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் என் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். சட்டைக்குள்ளிருந்து எதையோ உருவி நீட்டுகிறார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கினார், உதறினார், போர்த்தினார், நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன் தோளில் கட்சிக் கரை.

ஊசி பாதிக் காதில் இருந்தது. அண்ணனுக்குக் கையை எடுக்க முடியாது, தோளை உலுக்க முடியாது. நான் ஓரடி வைத்தேன், "கிட்ட வராதீங்கன்னேன்ல!" என்று பத்தர் கத்தினார். அப்படியே நின்றேன். பின்வரிசைக்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். எல்லார் கையிலும் போன். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. அவர் கண் குழந்தையின் காதிலேயே இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு துடித்தது. தெய்வமே, என்னைக் கொன்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பத்தர் கம்மலைத் திருகி முடித்து, "ஆச்சு" என்றார். அண்ணன் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். உதறவில்லை, வீசவில்லை. ஒழுங்காக மடித்துத் தட்டில் வைத்தார்.

"மாப்ள, உங்க பொருளு இந்தாங்க" என்றார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் குனிந்து அதைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போய்விட்டது. "மச்சான்... சத்தியமா நான் பாக்கல மச்சான்... கை பழக்கம்..." என்று குழறினார். அண்ணன் செருப்பை மாட்டினார். கை நனைக்காமலே படியிறங்கிப் போய்விட்டார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார்.

நான் செயலாளரை என்னென்ன கேட்டேன் என்று அச்சில் எழுத முடியாது. "தங்கச்சி, அரசியல்ல இதெல்லாம் சகஜம்" என்று அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். படம் அதற்குள் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'மூன்று முறை வென்றவரின் வலதுகை முறிந்தது! தங்கை வீட்டு விசேஷத்தில் இணைந்தார்!' என்று கீழே வாசகம். சாயங்காலத்துக்குள் அண்ணனின் கட்சியிலிருந்து அறிக்கை வந்தது. கட்டுப்பாட்டை மீறியதற்காக அடிப்படை உறுப்பினர் உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கம்.

"அது பொய்யின்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா முடிஞ்சிச்சி" என்று இவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மேலிடத்துலருந்து போன் பண்ணிப் பாராட்டிட்டாங்கடி. இப்ப மாத்திச் சொன்னா என்னா ஆவும்? நான் புது ஆளு" என்றார்.

"தொகுதியில ஜெயிச்சது நீயா, அந்தச் செயலாளரா?" என்றேன். கல்யாணமாகி முதல் தடவையாக 'நீ' என்று வந்துவிட்டது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். முன்பெல்லாம் கால் வைக்க இடமிருக்காது. இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். அவர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா, எம்.எல்.ஏ. சம்சாரம் என் வீட்டு வாசல்ல? எவனாவது போட்டோ எடுத்துடப் போறான்."

"எடுக்கட்டும் ஐயா" என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிச்சி. துண்டு வாங்குறவன் போத்துறவன் மூஞ்சியப் பாப்பான், இல்லன்னா கேமராவப் பாப்பான். இவன் கொழந்த காதப் பாக்குறான். நானும் எத்தினி பேருக்குப் போத்துனவன்!"

"தெரிஞ்சுமா நீக்கினீங்க?"

"நான் தோத்தவம்மா. ஜெயிச்சிருந்தா, அவன் என் ஆளுடான்னு ஒரு அதட்டு போட்டிருப்பேன், எல்லாம் வாய மூடிட்டிருப்பானுங்க. இப்ப என் பேச்சு எங்கயும் எடுபடல. மேலருந்து நடவடிக்க எடுன்னாங்க. என் கட்சிப் பதவியாவது மிஞ்சட்டும்னு தலைய ஆட்டிட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "போய் ஒன் மாமனப் பாரும்மா. நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார்.

அங்கிருந்து நேராகப் பஸ் ஏறிச் சிதம்பரம், அண்ணன் வீடு. உள்ளே விடுவாரோ, வாசலோடு திருப்பி அனுப்புவாரோ என்று நினைத்துக்கொண்டே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போனை அணைத்துப் பக்கத்தில் போட்டிருந்தார். என் மகள் என் இடுப்பிலிருந்து நழுவி ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் காலில் விழப் போனேன். "எழுந்திரு" என்று அதட்டினார்.

"நான் குடுத்த வாக்கு போச்சிண்ணா."

"நீ என்னா பண்ணுவ பாப்பா. ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்த வீட்டு வாசப்படிய நான் இனிமே மிதிக்கமாட்டேன். மாப்ள எதிர்ல வந்தா ஒதுங்கிப் போயிடுவேன். எனக்கு எல்லாத்தயும்விடப் பெரிசா இருந்தது அந்தப் பேரு. அத அவரு பாக்காமயே எடுத்துக்கிட்டாரு. நீ வா, புள்ளையக் கூட்டியா. அதுக்குத் தடையில்ல."

அண்ணன் குழந்தையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முடியை ஒதுக்கி ஒரு காதைப் பார்த்தார், பிறகு அடுத்த காதைப் பார்த்தார். எனக்கும் காட்டினார்.

"ரெண்டும் நேரா இருக்குதா பாரு பாப்பா. நான் ஆடல. ஆடியிருந்தா இது கோணலா இறங்கியிருக்கும்."

கிட்டப்போய்ப் பார்த்தேன். இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன.